தகரப்பெட்டியில் என் குடுமி

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தருகே சவரம் செய்த வழுக்கைத்தலை நாவிதர், முடியை வைத்துத்தான் மதங்களை அறிந்தவர்: இந்துவுக்குக் குடுமி, சாயபுவுக்குத் தாடி, கிறிஸ்தவனுக்குக் கிராப்பு. குடுமியை எடுக்காவிட்டால் ஞானஸ்நானம் கிடையாதென்று எங்கள் உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நானும் நாவிதர்முன் போய் உட்கார்ந்தேன். வெட்டிய குடுமியை அவர் எறியவில்லை. காகிதத்தில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தார்.

"சாமிய மாத்திக்கலாம். சொந்தக்காரங்கள மாத்த முடியுமா?" என்றார்.

தங்கை கல்யாணம் வந்தது. நான் கிறிஸ்தவனானது ஊருக்குத் தெரியாது. தலைப்பாகைக்குள் செருகிக்கொள்ளக் குடுமியைக் கேட்டுப் போனேன்.

"ரெண்டு நாள் பொறுங்க. உபதேசியாரு வாங்கினு போயிருக்காரு. அவங்க ஊருல கருமாதியாம்."

"அவரு குடுமி இன்னா ஆச்சு?"

"பெட்டியிலதான் இருக்குது. அது நரச்சதுங்க. உங்களுதுதான் நல்லா கறுப்பா இருக்குதாம்."

இதை அவர் எப்படிச் சிரிக்காமல் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.