சந்தனம் வைத்த பென்டிரைவ்

அண்ணாமலை நகரில், மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்குக் கீழே என் கடை. லேப்டாப் சர்வீஸ். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்பார்கள். ஃபைல்களைக் காப்பி எடுத்து வைக்காமல், எல்லாம் போச்சு என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் என் சொந்தத் தங்கைக்கு நான் செய்து வைத்த காரியத்தை இதுவரை கடையில் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கை கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்டவள். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஆறு வருடம், ஊர் ஊராகக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்து எழுதிய ஆய்வு. ஆயுத பூஜையன்று காலை, இங்கே யுனிவர்சிட்டி குவார்ட்டர்ஸில் இருக்கும் தன் கைடிடம் கடைசி அத்தியாயத்தைக் காட்டித் திருத்திக்கொண்டு, எனக்குப் பொரி கடலை கொடுத்துவிட்டுப் போக வந்தாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

அவள் லேப்டாப்பைத் திறந்ததும், பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனி பாதுகாப்பு இல்லை என்று திரை எச்சரித்தது. மாற்றிவிடலாம் என்றேன்.

"குடுத்து முடிச்சிட்டுப் பாத்துக்கலாமேண்ணா."

"தானா ஓடிடும். நீ சும்மா இரு."

ஓடவில்லை. ஸ்டோரேஜ் டிரைவர் பழையது, புதிய சிஸ்டத்துக்கு ஒத்துவராது என்று பாதியில் நின்றது. ஃபைல்கள் இருக்கும் டிஸ்கை லேப்டாப்புக்குக் காட்டிக்கொடுக்கும் சின்ன மென்பொருள்தான் அந்த டிரைவர். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழையதை எடுத்துவிட்டேன். புதியது என் பென்டிரைவில் இருந்தது. பென்டிரைவோ, ஸ்க்ரூடிரைவர் செட்டோடு சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுப்பது எங்கள் வழக்கம். எடுக்க மனம் வரவில்லை. புது சிஸ்டம் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போய் பிளக்கைப் போட்டு, இந்த பட்டனை அமுக்கிட்டு மூடி வச்சிடு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்" என்று பஸ் ஏற்றி அனுப்பினேன். காப்பி எடுத்தாயா என்று அவளிடம் கேட்கவும் இல்லை, நான் எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. பூஜையிலிருந்து எடுத்து ஆன் செய்தால் திரை முழுக்க நீலம். டிஸ்கை அணுக முடியவில்லை என்கிறதாம். என்ன நடந்தது என்று கேட்டேன். நான் சொன்னபடியே பட்டனை அமுக்கி, மூடிவைத்து, அதன்மேல் நோட்டுகளை அடுக்கிப் பூஜையில் வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பொட்டு வைக்கப் போன அவள் மாமியார், உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் கேட்டு, இன்றைக்கு இதற்கும் ஓய்வுதானே என்று பக்கவாட்டில் இருக்கும் ஸ்விட்சை அதன் சின்ன விளக்கு அணையும் வரை அமுக்கிப் பிடித்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "பாதியில ஆஃப் பண்ணா எல்லாம் போயிரும் அத்தை! தெரியாததைத் தொடலாமா?" என்று கத்தினேன்.

படத்துக்கு முன்னால் இருந்து பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முதுநகர் வீட்டில் தங்கை கண் வீங்கி உட்கார்ந்திருந்தாள். கைடு சொன்ன திருத்தங்கள் எல்லாம் அதில் மட்டும்தான் இருந்தன. அத்தை சமையலறை வாசலோடு நின்றுகொண்டார். "காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. இனிமே அந்தப் பொட்டிகிட்டயே வரமாட்டேன்றாங்க" என்றாள் தங்கை மெதுவாக.

பென்டிரைவைச் செருகி, சிஸ்டம் போடும் இன்ஸ்டாலரை ஓட்டினேன். டிஸ்க் பட்டியல் காலி.

"ஒண்ணுமே இல்லியாண்ணா?"

பென்டிரைவிலிருந்து புதிய டிரைவரை எடுத்து ஏற்றினேன். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பட்டியலில் ஒரு வரி வந்தது. டிஸ்க் இருந்தது. அவள் ஃபோல்டரும், கடைசி அத்தியாயமும், கிணறு கிணறாக அட்டவணைகளும் அப்படியே இருந்தன. முதல் வேலையாக எல்லாவற்றையும் பென்டிரைவில் காப்பி எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

டிரைவரை ஒழுங்காகச் சேர்த்ததும் பழைய சிஸ்டமே எழுந்துவிட்டது. எங்கே தடுக்கியது என்று பார்க்க, நடந்ததை நேரத்தோடு எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். நேற்றைய கடைசி வரி மதியம் இரண்டு பத்துக்கு. புதிய சிஸ்டத்துக்காக லேப்டாப் தானாக அணைந்து எழுந்த நேரம் அது. எழுந்தபோது டிஸ்க் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை. அத்தை ஸ்விட்சை அமுக்கியது ஆறு மணிக்கு. அவர் அணைத்தது, கிட்டத்தட்ட நான்கு மணி நேரமாக மூடிக்கு உள்ளே நீலத் திரையோடு நின்றுகொண்டிருந்த லேப்டாப்பை.

அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதிவை அப்படியே மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொன்னால், மூடுகிற பட்டன் மேல் விரல் போகவும் செய்தது. பூஜை என்று பென்டிரைவைத் தொடாமல் விட்டவன் நான். அதே பூஜை என்று லேப்டாப்புக்கு ஓய்வு கொடுத்தவரைத் தெரியாததைத் தொட்டதாகத் திட்டினேன். வெட்கமாக இருந்தது.

"அத்தை, இங்க வாங்க. நீங்க ஆஃப் பண்ணதால இல்ல. நான் டிரைவர் போடாம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது. காலையில கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் நம்பவில்லை. "எனக்காகச் சொல்றியா தம்பி?"

இரண்டு பத்து என்ற எண்ணைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். ஆறு மணிக்குத்தானே விளக்கேத்தினோம் என்று தங்கையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

"அப்ப புதுசு போடறதில்லியா?" என்று அவர்தான் கேட்டார்.

"வேணாம் அத்தை, பயமாருக்கு" என்றாள் தங்கை.

"இன்னைக்கி விஜயதசமிடி. இன்னைக்கி ஆரம்பிக்காம என்னைக்கி ஆரம்பிப்ப? அதான் எல்லாத்தையும் முடிஞ்சி வச்சிருக்கியே."

தங்கை தன் முந்தானையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். டிரைவர் இந்த முறை இருக்கிறதா என்று நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு லேப்டாப்பை அத்தை பக்கம் திருப்பி, எந்த பட்டன் என்று காட்டினேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முந்தின நாள் ஸ்விட்சைப் பிடித்த மாதிரியே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போதும் அத்தை, விட்ருங்க."

விட்டார். முடியும் வரை அந்த இடத்தை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. பிளக் பக்கம் போன என்னையும் விடவில்லை. "தெரியாததைத் தொடாத தம்பி" என்றார்.