அணைத்து வைத்த எச்சரிக்கை

எங்கள் பக்கத்துப் பஞ்சு மில்களில் இயந்திரத்துக்கு ஒரு சின்னக் கணினிப் பலகை உண்டு. இயந்திரத்தின் மூடியைத் திறந்ததும் உள்ளே பஞ்சை இழுக்கும் முள் உருளையை நிறுத்துவது அதன் வேலை. அந்தப் பலகையின் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்குள் ஓடி, மூடியைக் கவனித்து உருளையை நிறுத்தும் டிரைவர் என்ற நிரலை எழுதியது நான்; ராஜபாளையத்தில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து. முதலில் பொருத்தியது ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லில். அங்கே அந்த இயந்திரத்தில் நின்று, மூடியைத் திறந்து சிக்கிய பஞ்சைக் கையால் எடுப்பவள் என் அக்கா.

கெர்னலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும் நிரல், அதை விடும்வரை தூங்கக் கூடாது, அதாவது வேறொன்றுக்காகக் காத்து நின்றுவிடக் கூடாது. தூங்கினால் அந்தப் பூட்டுக்காகக் காத்திருப்பதெல்லாம் ஸ்தம்பித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வசதி இருக்கிறது. நிரல் நிஜமாகத் தூங்க வேண்டியதில்லை, தூங்க வாய்ப்புள்ள வரியைத் தொட்டாலே எச்சரிக்கும். வேறு யாரோ எழுதிய பகுதிக்காக அது ஓயாமல் கத்தியதால், எரிச்சலில் அணைத்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை வேறொரு வேலைக்காக அதை மறுபடி போட்டேன். தூங்கக் கூடாத இடம் என்று எச்சரிக்கை வந்தது. கீழே என் ஃபைல், என் வரி. பூட்டைப் பிடித்தபடியே மெமரி கேட்டிருந்தேன். மெமரி தாராளமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. தட்டுப்பாடு வந்தால் அங்கேயே தூங்கும். மூடி திறந்திருக்கும், உருளை நிற்காது.

அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசரும் எடுக்கவில்லை. ஹெல்மெட் வாரைக்கூட மாட்டவில்லை. அப்படியே ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழி முழுக்க அக்காவின் வலது கைதான் கண்ணில் நின்றது.

"ரெண்டு மாசமா நல்லாத்தானம்மா ஓடுது?" என்றார் சூப்பர்வைசர், மில் வாசலில் நான் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னதும்.

"நிப்பாட்டுங்க சார். பொறவு சொல்லுதேன்."

"எல்லாத்தையுமா?"

"அம்புட்டையும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். இரைச்சல் அடங்கியதும் அக்கா வந்தாள். முழங்கை வரை பஞ்சு.

"ஏட்டி, என்ன இப்படி வேர்த்திருக்கு?"

"மூடியத் திறந்ததும் உருளை நின்னுட்டான்னு பாத்துட்டுத்தான கைய விடுவ?"

"எதுக்குப் பாக்கணும்? நீ எழுதினதுதான?"

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன்.

ஒரு இயந்திரத்தை மட்டும் ஓட்டி, அதன் பலகையில் மெமரியை நிரப்பிவிட்டு, ஆளைத் தள்ளி நிறுத்தி, மூடியைத் திறந்து திறந்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நின்றது. சூப்பர்வைசர் சிரிக்கக்கூடச் செய்தார். ஒன்பதாவது தடவை நிற்கவில்லை. நீட்டிய கம்பை உருளை உள்ளே இழுத்து நொறுக்கியது. அவர் மெயின் சுவிட்சைப் பிடுங்காத குறையாக இறக்கினார். அக்கா தன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

திருத்தம் ரொம்பச் சின்னது. பூட்டைப் பிடிப்பதற்கு முன்பே மெமரியை வாங்கி வைத்தேன். பலகை இல்லாமலே மின்சாரத்தை வெட்டும் சுவிட்சையும் மூடியில் வைக்கச் சொன்னேன். அது வந்து சேரும்வரை இயந்திரங்கள் ஓடவில்லை.

சோதித்துப் பார்த்த அன்று மதியமே மில் கேன்டீனில், எச்சரிக்கையை அணைத்தது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் டீயைத் தள்ளி வைத்தாள்.

"அத எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

சுவிட்ச் வைத்து இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை அவள்.