சம்மதம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது

நாளை எம்.ஏ. அரசியல் தேர்வு. ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும், மக்களின் சம்மதத்தில்தான் அரசு நிற்கிறது என்ற பாடத்தை மடியில் விரித்தேன்.

பக்கத்தில், நைட் ஷிப்ட் முடித்த மில் தொழிலாளி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வழியில் ஏறிய கரைவேட்டிக்காரர் அவர் தோளைத் தட்டினார். "ஏலே, எந்திரி."

எழுந்துவிட்டார். பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உட்கார்ந்தவர் என்னிடம், "என்ன தம்பி படிக்க?" என்றார்.

"அரசியல் சிந்தனையாளர்கள், சார்."

"நல்லா படி. நாட்டுக்கு ஒன்ன மாதிரி ஆளுகதான் வேணும்."

தலையாட்டினேன். கால் நீட்ட இடமும் விட்டேன்.

தொழிலாளி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே தூங்கினார்.

சம்மதம் பற்றி நாளை பக்கம் பக்கமாக எழுதிவிடுவேன். இன்று "அவர் தூங்கட்டும்" என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்களுக்கு வந்திருக்குமா?