சும்மா வாங்கத் தெரியாதவர்

அந்தத் தையல்காரருக்குக் கடையும் வீடும் ஒரே அறைதான். முன்பாதியில் இயந்திரம், பின்பாதியில் கட்டில், நடுவில் ஒரு திரை.

இளமையில் குடித்துவிட்டு மனைவியை அடித்தவர். மனம் திரும்பியபின் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். யாருக்காவது இலவசமாக ஏதாவது தைத்துக் கொடுக்காமல், ஆலயத்தில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டுவதில்லை. அநாதைப் பிள்ளைகளின் சட்டை, பாடகர் குழுவின் அங்கி, எதுவுமே அகப்படாவிட்டால் ஆலயத் திரையின் கிழிசல். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை.

பக்கவாதம் வலப்பக்கத்தை இழுத்துக்கொண்டது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போதகர் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"வேண்டாங்கய்யா. படுத்ததுலேர்ந்து ஒரு தையல் போடல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாங்குவேன்?"

"யாரு கேட்டா டெய்லரே உங்ககிட்ட தையலு?"

அவர் கண் போதகரின் சட்டைக் கைப்பட்டியில் நின்றது. "அந்தப் பட்டன் ஆடுது. தச்சுட்டு வாங்கிக்கிறேன்."

மனைவி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். போதகர் கையை நீட்டிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். தையல்காரர் இடக்கையால் குத்திப் பார்த்தார். ஊசி போதகரின் மணிக்கட்டில் ஏறியது, பிறகு போர்வையில் விழுந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் அந்தப் பந்திக்கு வெளியிலயே நின்னுக்கிறேன். எனக்கு அதான் விதிச்சது."

மனைவி ஊசியைத் தேடி எடுத்து நூல்கண்டில் குத்தி வைத்தாள்.

"ஏங்க, அன்னிக்கு நான் உங்கள மன்னிச்சேன்ல, அதுக்கு என்ன தச்சுக் குடுத்தீங்க?"

கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒரு ஜாக்கெட்டு? டெய்லர் பொண்டாட்டின்னுதான் பேரு. ரெடிமேடு வாங்கித்தானே போடுறேன்."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நீ... அது வேற," என்றார் தையல்காரர் சுவரைப் பார்த்தபடியே.

"என்ன வேற? நான் சும்மா குடுத்தா வாங்கிக்குவீங்க. கடவுள் குடுத்தா மட்டும் கூலி கட்டணுமா? அவர் என்னவிடக் கருமியா?"

தையல்காரரின் கண்ணீர் தலையணையில் இறங்கியது. அதைத் துடைக்க அவருக்குக் கை எழவில்லை. அவள்தான் துடைத்தாள்.

பிறகு முகத்தைத் திருப்பி, கையை நீட்டாமல், குழந்தையைப் போல வாயைத் திறந்தார். போதகர் அப்பத்தைச் சிறிதாகப் பிட்டு நாக்கில் வைத்தார். பாதி உதடுதான் ஒத்துழைத்தது. மென்று விழுங்க நேரம் பிடித்தது. இருவரும் காத்திருந்தார்கள்.