ஜப்பான் கிதார் வாசித்த மாப்பிள்ளை

சின்ன மாமா சிங்கப்பூரிலிருந்து தென்காசிக்கு வந்து இறங்கியபோது, எல்லாரையும் போல டார்ச் லைட்டும் கைலியும் செண்ட் பாட்டிலும் கொண்டுவந்தார். கூடவே யாரும் கொண்டுவராத ஒன்றும் வந்தது. ஜப்பானில் செய்த மின்சாரக் கிதார். நல்ல சிவப்பு. ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை; சண்டை போட்டுத் திரும்பிய கிடா போல இருக்கும். நெஞ்சில் நான்கு வெள்ளிப் பெட்டிகள். அவற்றுக்குக் கீழே, ஏதோ கரண்ட் ஆபீஸிலிருந்து கழற்றி வந்ததைப் போல வரிசையாகச் சுவிட்சுகள். எதைத் தட்டினால் என்ன ஆகும் என்று மாமாவுக்கும் தெரியாது. அவருக்கு வாசிக்கவே தெரியாது என்பது, அவரோடு மச்சில் படுத்துக்கொண்ட எனக்கு மட்டும் தெரியும். கடைக் கண்ணாடிக்குள் பார்த்தாராம், பிடித்துப்போயிற்றாம், அவ்வளவுதான்.

அதை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் ஒரு போட்டோவும் எடுத்திருந்தார். தரகர் அந்தப் போட்டோவைத்தான் பெண் வீடுகளுக்குக் கொண்டுபோனார். கூத்துக்காரனுக்குப் பெண் இல்லை என்று போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் மட்டும், சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு எடுத்திருக்கிறோம், அங்கேயே வந்து பெண்ணைப் பாருங்கள், அந்த வாத்தியத்தையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மாமாவுக்கு லீவு முடியப் போகிறது. அந்தப் பெண்ணின் போட்டோ வேறு அவருடைய தலையணைக்கு அடியில் குடியேறிவிட்டது. இதுவும் தட்டிப்போனால் தனியாகக் கப்பலேற வேண்டியதுதான்.

முந்தின நாள் எங்கள் வீட்டு ரேடியோவின் முதுகில், கிராமபோன் மாட்டுகிற ஓட்டையில், கிதாரின் ஒயரைச் சொருகிப் பார்த்தார் மாமா. குளித்த ஈரக்கையோடு நான் ஒரு கம்பியைத் தொட்டேன். சுரீர் என்று தோள்வரை ஏறியது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். நிச்சயப்படுத்திக்கொள்ள அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் பசிக்கிறது என்றேன். இப்போதுதானே தின்றாய் என்று வைதாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என் மனைவிதான்.

மறுநாள் குதிரை வண்டியில் கிளம்பினோம். சாரலுக்குப் பயந்து கிதாரைக் கம்பளியில் சுற்றி மாமா மடியில் கிடத்தியிருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று வண்டிக்காரர் கேட்டார். மாமாவின் முகத்தைப் பார்த்தால் காய்ச்சல் அவருக்குத்தான் என்று தோன்றும்.

அந்த வீட்டில் கால் கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, வழியில் இருந்த இருட்டு நடையில் மாமா திடீரென்று நின்றார். சுவரில் இரும்புக் கைப்பிடி வைத்த மெயின் சுவிட்ச் இருந்தது. என்னைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"ஏலே மருமவனே, நான் கண்ணாடியக் கழட்டித் தொடச்சேம்னா நீ இதக் கீழ இழுத்திரணும். கரண்டு போயிட்டுன்னு நெனைச்சுக்கிடுவாவ. வெளங்குதா?"

விளங்கியது. சுவர் சாரலில் வியர்த்துக்கொண்டிருந்ததும் விளங்கியது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

பெண் வந்து எல்லாரையும் கும்பிட்டு உட்கார்ந்தாள். அம்மா வழக்கம்போல ஒரு பாட்டுப் பாடச் சொன்னாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியில் குரல் நடுங்கி நின்றுவிட்டது. போதும்மா போதும் என்று அம்மாவே காப்பாற்றி உள்ளே அனுப்பினாள். அதோடு எழுந்திருக்கலாம் என்று பார்த்தால், பெண்ணின் அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"எங்க பிள்ள பாடிட்டா. இனி மாப்பிள முறை. நாங்களும் கேக்கணும்லா?"

மாமா எழுந்தார். நான் நடைக்கு ஓடி, மெயின் சுவிட்சுக்கு அடியில் நின்று, கதவிடுக்கில் கூடத்தைப் பார்த்தேன். மாமா அந்த வீட்டு ரேடியோவில் ஒயரைச் சொருகினார். ஒவ்வொரு சுவிட்சாக மேலும் கீழும் தட்டினார். கம்பியை இறுக்கும் முறுக்காணியைத் திருகினார். பெரிய வித்வான்தான் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். பிறகு மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜன்னல் வழியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் சாரல் பட்டதால் துடைக்கிறாரா, எனக்காகத் துடைக்கிறாரா? எனக்குச் சாதகமாக, சாரல்தான் என்று முடிவு செய்தேன். மாமா மறுபடியும் துடைத்தார். கையை உயர்த்தினேன், கைப்பிடிக்குப் பக்கத்தில் போனதும் கை தானாக இறங்கிவிட்டது. மாமா இப்போது கண்ணாடியை வேட்டியில், துண்டில், சட்டையில் என்று மாற்றி மாற்றித் துடைத்தார். வேறு வழியில்லாமல் ஒரு கம்பியைச் சுண்டினார். தாயைத் தேடும் எருமைக்கன்று போல ரேடியோ கத்தியது. நான் பிள்ளையாரிடம் இடி விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு இடியும் மின்சாரம்தான் என்று ஞாபகம் வந்து வாபஸ் வாங்கினேன்.

"ஏலே, ஏன் இப்பிடி நடுங்குதே?"

பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. இத இழுக்கச் சொன்னாவ. எனக்கு ஷாக் அடிக்கும்."

சொன்ன பிறகுதான் மாமாவின் கல்யாணத்தை என் வாயாலேயே கலைத்துவிட்டேன் என்று உறைத்தது. அவள் கதவிடுக்கில் குனிந்து பார்த்தாள். குற்றாலத்துக் குளிரில் வேர்த்து வழிந்தபடி, சுத்தமான கண்ணாடியை மாமா இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் பாடயில இத இழுக்க எனக்கு ஆளில்ல. உங்க மாமாவாவது பொழைக்கட்டும்."

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கைப்பிடியைக் கீழே இழுத்தாள். கூடத்தில் பல்பு அணைந்தது, எருமைக்கன்றும் அடங்கியது.

"சே, இப்பத்தான் சுதி சேந்துது" என்று மாமா வருத்தப்பட்டது எங்களுக்குக் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டாள்.

மறுநாள் பெண்ணுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் யார் கண்ணிலும் படாமல் மச்சுக்கு ஏறிவிட்டேன். எல்லாம் தெரிந்தவள் எதற்குச் சம்மதித்தாள்? தாலி கட்டும் நேரத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறாள் என்று நம்பினேன். மாமாவிடம் சொல்லவும் தைரியமில்லை. சுவிட்சை இழுத்தது நான்தான் என்று நம்பி அவர் என் முதுகைத் தட்டித் தட்டியே தழும்பாக்கியிருந்தார்.

கல்யாணத்தன்று, எனக்கு அத்தையாகப் போகிறவள் வாயே திறக்கவில்லை. தாலி ஏறியது. மாலையும் கழுத்துமாக இருந்த மாமா என்னை மணவறைக்குக் கூப்பிட்டு அத்தையின் பக்கம் தள்ளினார்.

"இவன லேசா நெனைச்சிராத. ஆபத்துக்கு ஒதவுத பய. தைரியசாலி."

குனிந்திருந்த அத்தையின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண்கள் பிறந்த வீட்டை நினைத்து அழுவார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். பாவமாக இருந்தது. சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அத்தை அதை வாங்கி, கண்ணை விட்டுவிட்டு, வாயில் வைத்து இறுக்கி அழுத்திக்கொண்டாள். குலுக்கல் இன்னும் அதிகமாயிற்று. அழாதீங்க அத்தை, சிங்கப்பூர் நல்லாத்தான் இருக்குமாம் என்று நான் தேற்றத் தேற்ற, அவள் என் பக்கம் திரும்பவே முடியாமல் தூணைப் பார்த்துக்கொண்டாள்.