எறும்பு கொடுத்த நோட்டீஸ்

ஊசி குத்துவதற்கு முன்னால் "எறும்புக் கடி மாதிரிதான்" என்று சொல்லாமல் அவள் யாரையும் தொட்டதில்லை. அதனால் டயாலிசிஸ் சென்டரில் அவளுக்கு எறும்பு என்றே பெயர். நான் மூன்றாம் நாற்காலி. வாரம் மூன்று நாள், விடியற்காலை ஐந்தரையிலிருந்து நான்கு மணி நேரம், மிஷின் என் ரத்தத்தை வடிகட்டித் தரும்வரை உட்கார்ந்திருப்பவன். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. வேறு டெக்னீஷியன் ஊசியை எடுத்தாலே கட்டடம் அதிரக் கத்துவேன். எறும்பு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

நாலாம் நாற்காலியில் பஸ்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குத்திக் குத்தி அவருடைய இடது கையில் ஒரே ஒரு நல்ல இடம்தான் பாக்கி. அதில் எறும்பு புதுத் தடம் போட ஆரம்பித்தாள். தடம் என்றால், ஒரே துளையில், ஒரே சாய்வில், ஒரே ஆளின் கை பத்துத் தடவை குத்த வேண்டும். பிறகு காது குத்திய துளை மாதிரி அது நிலைத்துவிடும். மொட்டை ஊசியே வலிக்காமல் உள்ளே போகும். நடுவில் வேறு ஆள் புகுந்தால் தடம் கோணிவிடும். போனால் போனதுதான்.

செவ்வாய்க்கிழமை முதல் ஊசி. புதன்கிழமை அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு புது ஆஸ்பத்திரி. பகல் வேலை. ஒண்ணாம் தேதி சேர வேண்டும். அவள் வீட்டுக்காரர் லாரியில் போனால் வாரக் கணக்கில் திரும்ப மாட்டார். இவள் நாலரைக்கே கிளம்பிவிடுவாள். ஏழு வயது மகளைப் பக்கத்து வீட்டு அத்தைதான் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவாள். "ஒரு நாளாவது நீ எனக்குத் தலை பின்னி விடேன்" என்று அந்தக் குழந்தை கேட்டதை என்னிடம் சொல்லியிருக்கிறாள். சொன்ன அன்று ஊசியை ஒட்டும் டேப்பைத் தேவைக்கு மேல் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

சென்டர் விதிப்படி பத்து நாள் நோட்டீஸ் போதும். ஒண்ணாம் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால் அதற்குள் பஸ்காரருக்கு ஏழு ஊசிதான் முடியும். அந்தக் கைக்கு மூன்று வாரம் வேண்டும்.

வியாழக்கிழமை என் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "புது இடத்துல ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன் சார். ஒண்ணாம் தேதி வரலைன்னா வேற ஆள் எடுத்துக்குவாங்களாம். நான் வரலைன்னு சொல்லிடப் போறேன்."

"பஸ்காரருக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதீங்க. கஷ்டப்படுவார்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் போகவில்லை என்றால் என் கையும் தப்பித்ததல்லவா? அந்தச் சந்தோஷத்தோடு ஒரு நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. பின்னாத தலையோடு அந்தக் குழந்தை கண் முன்னால் வந்து நின்றது. எறும்பு நாலாம் நாற்காலிக்கு நகர்ந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன பஸ்காரரே, உங்க கைக்காக இந்தப் பொண்ணு நல்ல வேலைய வேணாங்குது, தெரியுமா?"

எறும்பு என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"யாரும்மா உன்னைக் கேட்டா? என் பொண்டாட்டிகூட எனக்காக இவ்வளவு செஞ்சதில்ல." பிறகு குரல் இறங்கியது. "ஒரே ஆளோட கைதானே வேணும்? என் வலது கை இருக்கே. இது எங்கயும் வேலை மாறிப் போகாது."

"விளையாடாதீங்க ஐயா. தன் கையில தானே குத்திக்கிறது லேசில்ல."

"குறுகலான தெருவுல முப்பது வருஷம் பஸ்ஸைத் திருப்பினவன். எனக்கா சாய்வு தெரியாது?"

அப்படிக் குத்திக்கொள்கிறவர்கள் உண்டு என்று சொல்லி, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் சம்மதித்தார். அன்றே பஸ்காரரின் வலது கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு எறும்பு இரண்டாவது ஊசியைப் போட்டாள். மதியம் மேனேஜரிடம் கடிதம் கொடுத்தாள். பன்னிரண்டு நாள் நோட்டீஸ். விதிக்கு இரண்டு நாள் கூடுதல்.

நாலாவது ஊசியில் கைகள் இடம் மாறின. ஊசியைப் பிடித்தது அவர் கை, மேலே அவள் கை. ஐந்தாவதில் அவருக்கு நடுக்கம் வந்துவிட்டது. அவள் சட்டென்று பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் தடம் அன்றே போயிருக்கும். "இது எனக்கு வராதும்மா" என்றார். அவள் மறுபடி அவர் விரல்களை ஊசியில் வைத்தாள்.

ஏழாவது ஊசி அன்றுதான் அவளுக்குக் கடைசி நாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ்காரர் தடத்தைத் துடைத்து, ஊசியை எடுத்து, துளைக்கு நேராக வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதம்மா" என்றார். "எறும்புக் கடி மாதிரிதான்."

ட்யூபில் சிவப்பு ஏறியது. அழுதது அவள்தான்.