சித்தப்பா ஏறாத பஸ்

நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுபவருக்கு, போய்ச் சேர அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே கார்டு அனுப்பவேண்டும் என்பது வேலைவாய்ப்பு அலுவலக விதி. அழைத்தும் வராதவர் பெயர் பதிவிலிருந்து நீக்கப்படும் என்பது இன்னொரு விதி. அந்தத் துறையிலேயே இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் சொல்கிறேன்: முதலாவதை அலுவலகம் மறந்துவிடும். இரண்டாவதை என் சித்தப்பா மறக்கவே இல்லை.

கன்னியாகுமரியில் கடல் நடுவே பாறை மண்டபம் எழும்பியபின், ஆந்திராவின் யாத்திரை பஸ்கள் எங்கள் அருப்புக்கோட்டை வழியாகப் போகத் தொடங்கின. கன்னியாகுமரியில் ஓர் அரசு விடுதிக்குத் தெலுங்கு பேசும் உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டு, சித்தப்பா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவைத்தார். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்குதானே. நூல் கிடைக்காமல் தறி நின்றிருந்த நேரம். அவரால் உட்காரவே முடியவில்லை. தினமும் தெருமுனையில் தபால்காரரை மறிப்பார்.

"அண்ணே, நமக்கு?"

"வந்தா கூவிக்கிட்டே வாரேன், வழிய விடுப்பா."

தபால்காரர் போனதும் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார், யாத்திரைக்காரர்களிடம் பேசிப் பழக. பாதி தமிழாக இருந்த அவருடைய தெலுங்கைக் கேட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஆனாலும் எந்தக் கடையில் காபி நன்றாயிருக்கும், எங்கே குளிக்கலாம் என்று அவரைத்தான் கேட்பார்கள்.

ஒரு நாள் யாத்திரை நடத்துகிறவரே சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வழிகாட்டி மதுரையில் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். இப்போதே ஏறினால் சம்பளமும் சாப்பாடும். ஒத்துப்போனால் வருஷம் முழுக்க வேலை.

சித்தப்பா படியில் ஒரு காலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஏலே, வேலையே வந்து ஹாரன் அடிக்குது, இன்னும் என்னலே ரோசன?" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

"இது ஓடுற பஸ்ஸுண்ணே. அது கவர்மெண்டு. நான் இல்லாத நேரம் கார்டு வந்துச்சுன்னா பேரையே அடிச்சிருவாக."

பஸ் போய்விட்டது. அடுத்த முறை அது வந்தபோது முன் சீட்டில் வேறொருவர் இருந்தார். சித்தப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் கார்டு வந்தது. தபால்காரர் சொன்னபடியே கூவினார். நான் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வாங்கி வந்தேன். சித்தப்பா பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி."

வாசித்தேன்.

"திருப்பி வாசி."

என் படிப்பைத் தெருவுக்குக் காட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் உரக்க வாசித்தேன்: நேர்முகத் தேர்வு, மார்ச் மூன்றாம் தேதி, காலை பத்து மணி.

அன்று மார்ச் ஐந்து.